செஸ் டாக்டிக்ஸ் பஸில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக செஸ் பழகுபவர்கள், பிள்ளையை வகுப்பில் சேர்த்திருக்கும் பெற்றோர், ரேட்டிங் ஒரே இடத்தில் நின்றுபோய் தவிப்பவர்கள் என்று எல்லோரும் பஸில் பற்றி ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விடை மனசுக்குள் கடைசி வரைக்கும் முடிந்த பிறகுதான் காயில் கை வைக்க வேண்டும். கட்டங்களை வழக்கம்போல ஏ முதல் ஹெச் வரை, 1 முதல் 8 வரை சொல்கிறேன், வெள்ளை 1ஆம் வரிசையில் இருந்து தொடங்கும்.

டாக்டிக்ஸ் பஸில் என்றால் என்ன?

ஒரு ஆட்டத்தின் நடுவில் ஒரு நிலையை எடுத்துக் கொடுத்து, "உன் மூவ், ஜெயிக்கும் வழியைக் கண்டுபிடி" என்று கேட்பதுதான். மேட் ஆக இருக்கலாம், ஒரு காய் லாபமாக இருக்கலாம், தோற்கும் ஆட்டத்தை டிரா செய்வதாகவும் இருக்கலாம். முக்கியமான நிபந்தனை, எதிராளி எப்படி ஆடினாலும் அது நடந்தாக வேண்டும். எதிராளி தப்பு செய்தால்தான் வேலை செய்யும் என்றால் அது விடை இல்லை, நப்பாசை.

காய்கள் எப்படிப் போகும் என்பது மட்டும் தெரியும். எங்கே தொடங்குவது?

ஒரே மூவில் மேட், அதிலேயே சில நாட்கள் இருங்கள். சின்னப் பிள்ளை வேலை என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். ராஜா தப்பிக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடைக்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது, பின்னால் ஐந்து மூவ் ஆழத்தில் மேட் தேடும்போதும் அதே வேலையைத்தான் செய்யப்போகிறோம். கூடவே சப்போர்ட் இல்லாமல் நிற்கும் காயை வெட்டும் பஸில்களையும் போடுங்கள். தொடக்க நிலை ஆட்டங்களில் பெரும்பாலானவை அப்படிச் சும்மா கொடுத்த காய்களால்தான் முடிகின்றன.

அப்புறம் ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), பின் (பின்னால் நிற்கும் பெரிய காய்க்காக முன்னால் நிற்பது நகரத் தயங்குவது), ஸ்கீவர் (முன்னால் நிற்கும் பெரிய காய் விலகியதும் பின்னால் நிற்பதை வெட்டுவது), டிஸ்கவர்ட் செக் (ஒரு காய் விலகியதும் அதன் பின்னால் இருந்த காய் வைக்கும் செக்), பின்வரிசை மேட் (ராஜா தன் கடைசி வரிசையிலேயே அடைபட்டு மாட்டுவது), காவல் காக்கும் காயை இழுத்துவிடுவது என்று ஒவ்வொன்றாக வரலாம். வரிசை கொஞ்சம் மாறினாலும் ஒன்றும் ஆகாது.

புதிர் முன்னால் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

எதிராளி கடைசியாக ஆடிய மூவை. இணையத்தில் வரும் பஸில்களில் பெரும்பாலும் அந்த மூவ்தான் தப்பு, அதனால்தான் அது பஸில் ஆகியிருக்கிறது. அந்தக் காய் கிளம்பிய இடத்தில் எந்தக் காவல் போனது, எந்தக் கோடு திறந்தது, போய் நின்ற இடத்தில் அதற்கு சப்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு இரண்டு ராஜாக்களையும் பாருங்கள், எதிராளியுடையது மட்டும் போதாது, உங்களுடையதும்தான். அதற்கு அப்புறம் செக்குகள், வெட்டுகள், மிரட்டல்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: செக் வைத்தால் எதிராளிக்கு இருக்கும் பதில்கள் மிகக் குறைவு, எண்ணிவிடலாம். வெட்டினால் கொஞ்சம் கூடுதல். சும்மா மிரட்டினால் அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

"எல்லா செக்கையும் பார்" என்று சொல்லும்போது எல்லா செக்கையும்தான். முட்டாள்தனமாகத் தெரிவதையும் சேர்த்து. 1910இல் வியன்னாவில் ரிச்சர்ட் ரேட்டி, டார்ட்டகோவருடன் ஆடிய குட்டி ஆட்டம் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம். எட்டு மூவ் முடிந்திருக்கிறது. வெள்ளை ராணி டி3இல், அதற்குப் பின்னால் டி2இல் பிஷப், டி1இல் யானை. கறுப்பு இப்போதுதான் தன் குதிரையால் ஈ4இல் இருந்த வெள்ளைக் குதிரையை வெட்டியிருக்கிறார். கறுப்பு ராஜா இன்னும் ஈ8இல், ராணி ஈ5இல். யாருக்கும் கை தானாகப் போவது அந்தக் குதிரையைத் திரும்ப எடுப்பதற்குத்தான். ஆனால் செக்குகளை எண்ணிப் பாருங்கள், இரண்டே இரண்டு: ராணி டி7, ராணி டி8. இரண்டிலும் ராணி போய்விடும், அதனால் பலர் பார்க்கவே மாட்டார்கள். ரேட்டி டி8இல் வைத்தார். ராஜா வெட்டியே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. உடனே பிஷப் டி2இலிருந்து ஜி5, இப்போது பிஷப்பும் யானையும் சேர்ந்து டபுள் செக், குறுக்கே எதையும் வைக்க முடியாது, ராஜா நகரத்தான் வேண்டும். சி7க்குப் போனால் பிஷப் டி8இல் மேட். ஈ8க்குப் போனால் யானை டி8இல் மேட். ராணி டி8 என்ற யோசனைக்குப் பெரிய மேதைமை தேவை என்று தோன்றும், ஆனால் இரண்டு செக்கையும் வரிசையாகப் பார்க்கும் ஒழுங்கு இருந்தால் நம் கைக்கும் எட்டும்.

முதல் மூவ் தெரிந்துவிட்டது. ஆடிப் பார்த்தால் என்ன?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். ஆடிப் பார்க்காதீர்கள்.

ஸ்கிரீனில் பஸில் போடும்போது ஒரு சௌகரியம் உண்டு. முதல் மூவை வைத்தால் பச்சை வரும், எதிராளியின் பதிலை அதுவே ஆடிக் காட்டும், அடுத்ததை அப்போது யோசித்துக்கொள்ளலாம். இப்படி நூறு பஸில் போட்டாலும் நீங்கள் பழகுவது "முதல் மூவை யூகிப்பது" மட்டும்தான். நிஜ ஆட்டத்தில் யூகிக்கப் பச்சை விளக்கு கிடையாது. போர்டில் ஆடும் போட்டியில் தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு நிலைகளைப் பாருங்கள். பிரான்சின் லெகால் என்ற ஆட்டக்காரர் பெயரில் உள்ள மேட் பலருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்புச் சிப்பாய் ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புச் சிப்பாய் டி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பு பிஷப் ஜி4க்கு வந்து குதிரையை ராணியோடு பின் செய்கிறது. வெள்ளை இன்னொரு குதிரையை சி3க்குக் கொண்டுவர, கறுப்பு ஜி6 என்று ஒரு சிப்பாயைத் தள்ளுகிறார். இப்போது வெள்ளை, பின்னில் இருக்கும் குதிரையாலேயே ஈ5 சிப்பாயை வெட்டலாம். கறுப்பு ஆசைப்பட்டு ராணியை வெட்டினால் பிஷப் எஃப்7இல் வெட்டி செக், ராஜா ஈ7, குதிரை டி5, மேட். ராணியை வெட்டாமல் குதிரையை வெட்டினாலும் வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுத்துக்கொள்ளும், ஒரு சிப்பாய் லாபம். எந்தப் பக்கம் போனாலும் நல்லது.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்: ஜி6க்குப் பதிலாகக் கறுப்பின் குதிரை சி6இல் நிற்கட்டும். அதே வெட்டு, அதே அழகு, ராணியை வெட்டினால் அதே மேட். ஆனால் கறுப்பு ராணியைத் தொடாமல் சி6 குதிரையால் ஈ5இல் வெட்டிவிடுவார். அந்தக் குதிரை ஜி4 பிஷப்புக்கும் காவல், கூடவே நம் சி4 பிஷப்பையும் தாக்குகிறது. ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். இதே நிலையில் முதலில் சிப்பாயை ஹெச்3க்கு ஆடி, கறுப்பு பிஷப்பை ஹெச்5க்குப் பின்வாங்கினால் மறுபடியும் வெட்டு சரியாகிவிடுகிறது: குதிரை ஈ5இல் வெட்டினாலும் நம் ராணி ஹெச்5 பிஷப்பை எடுக்கும், அந்தக் குதிரை நம் சி4 பிஷப்பை எடுத்தால் ராணி பி5இல் செக் வைத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

மூன்று நிலைகளிலும் முதல் பார்வையில் கண்ணுக்குத் தெரிவது ஒரே மேட்தான். சரி எது, தப்பு எது என்று பிரிப்பது எதிராளியின் நல்ல பதிலைத் தேடிய அந்த அரை நிமிடம்.

எதிராளியின் நல்ல பதிலை எப்படித் தேடுவது? எனக்கு எப்போதும் என் பக்கம்தான் தெரிகிறது.

அவர் இடத்தில் உட்கார்ந்து, அவருக்கும் அதே செக், வெட்டு, மிரட்டல் வரிசையை ஓட்டுங்கள். போர்டைத் திருப்பிப் போடும் வசதி இருந்தால் நாலைந்து பஸிலாவது எதிர்ப்பக்கம் இருந்து பார்த்துப் போடுங்கள், கஷ்டமாக இருக்கும், அதுதான் பயிற்சி.

சாவெத்ரா நிலை என்று ஒன்று உண்டு, மொத்தமே நான்கு காய்கள். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளையின் மூவ். சிப்பாயை சி7க்குத் தள்ளியதும் கறுப்பு யானை டி6இல் செக் வைக்கும், வெள்ளை ராஜா பி5, பி4, பி3 என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் சி2க்கு வந்து செக்கிலிருந்து தப்பிக்கும். இனி சிப்பாய் ராணியாகும், ஆட்டம் முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் கறுப்பு யானையை டி4இல் வைக்கிறது. ராணி எடுத்தால் யானை சி4இல் செக், ராணி வெட்டியாக வேண்டும், வெட்டினால் கறுப்பு ராஜாவுக்குப் போக இடம் இல்லை, ஸ்டேல்மேட், அதாவது டிரா. 1895இல் பார்பியர் இதை டிரா என்றுதான் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். ஃபெர்னாண்டோ சாவெத்ரா என்ற பாதிரியார் ராணிக்குப் பதிலாக யானை எடுத்தால் வெள்ளை ஜெயிக்கும் என்று கண்டுபிடித்தார். யானை எடுத்தால் அடுத்து ஏ8இல் மேட் மிரட்டல். கறுப்பு யானை ஏ4க்கு வந்து தடுத்தால் ராஜா பி3, ஒரே நேரத்தில் அந்த யானையையும் தாக்குகிறது, சி1இல் மேட்டும் மிரட்டுகிறது. கறுப்பால் இரண்டையும் தடுக்க முடியாது.

இதைப் போர்டில் வைத்து ஆடிப் பாருங்கள். எதிராளியின் மிகச் சிறந்த பதிலைப் பார்த்தவருக்குத்தான் யானை எடுக்க வேண்டும் என்ற எண்ணமே வரும்.

தலைக்குள் மூன்றாவது மூவ் போகும்போது முதல் மூவில் காய் எங்கே நின்றது என்பதே மறந்துவிடுகிறது.

எல்லோருக்கும் மறக்கும். இரண்டு மூவ் பஸில்களில் தெளிவாகப் பார்க்க வரும் வரை ஐந்து மூவ் பஸிலுக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு மூவுக்குப் பிறகும் ஒரு நொடி நின்று, "இப்போது எந்தக் கட்டம் காலி, எந்தக் கோடு திறந்தது" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதிகம் ஏமாற்றுவது கிளம்பிப் போன காய்தான். அது பழைய இடத்திலேயே நிற்பதாக மனம் நினைத்துக்கொள்ளும், அல்லது வெட்டுப்பட்ட காய் இன்னும் காவல் காப்பதாகக் கணக்கில் வரும்.

நிஜ போர்டில் நிலையை அடுக்கி வைத்து, காயைத் தொடாமல் யோசித்து, வரியை ஒரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் விடையைப் பார்ப்பது இன்னும் நல்லது. நேரம் எடுக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது செய்யலாம், குறிப்பாகப் போட்டிகளில் ஆடுபவர்கள். ஃபோனில் தட்டையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மரக்காய்கள் நிற்கும் போர்டு கொஞ்சம் அந்நியமாகத் தெரியும்.

ஒரு நாளைக்கு எத்தனை போட வேண்டும்?

எண்ணிக்கை கணக்கு வைக்காதீர்கள். இருபது நிமிடம் முழுக் கவனத்தோடு, அதுவும் தினமும் உட்கார முடிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் போட்டுவிட்டு வாரம் முழுக்க மறந்துவிடுவதை விட அது மேல்.

ஒரு புதிரில் எவ்வளவு நேரம் முட்டிக்கொண்டு நிற்பது?

உங்கள் அளவுக்குக் கொஞ்சம் மேலே உள்ள பஸில் என்றால் பத்து நிமிடம் வரை கொடுக்கலாம். அதற்குள் குறைந்தபட்சம் எது முட்டுக்கட்டை என்றாவது தெரிந்திருக்க வேண்டும்: "அந்த எஃப்6 குதிரை மட்டும் இல்லையென்றால் மேட்" என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் அடுத்த கேள்வி தானாக வரும், அந்தக் குதிரையை எப்படி நகர்த்துவது. எதுவுமே பிடிபடாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் விடையைப் பார்த்துவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மூவையாவது, தப்போ சரியோ, முடிவு செய்துவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் எங்கே விலகினோம் என்று தெரியும்.

தப்பாகப் போட்டுவிட்டேன். உடனே அடுத்ததுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் அந்தத் தப்பிலிருந்து எதுவும் கிடைக்காது. என்ன வகைத் தப்பு என்று ஒரு வரி எழுதிவையுங்கள். யோசனையே தோன்றவில்லையா? தோன்றியும் "ராணி போய்விடுமே" என்று ஒதுக்கினோமா? எதிராளியின் பதில் ஒன்று விட்டுப்போனதா? மூவ் எல்லாம் சரி, வரிசை மட்டும் மாறிவிட்டதா? ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் ஒரே வகைதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். எனக்குத் தெரிந்த பலருக்கு அது எதிராளியின் நடுவில் வரும் செக். நாம் வெட்டினால் அவர் உடனே திரும்ப வெட்டுவார் என்று வைத்துக்கொள்கிறோம், அவரோ முதலில் ஒரு செக் வைத்துவிட்டு அப்புறம் வெட்டுகிறார், அதற்குள் கணக்கு மாறிவிடுகிறது.

நான் போட்ட மூவும் ஜெயிக்கத்தானே செய்கிறது? ஏன் தப்பு என்கிறது?

சில சமயம் உண்மையிலேயே ஜெயிக்கும், ஆனால் பஸிலின் விடை அதைவிட வெகுவாக நல்லதாக இருக்கும். லிசெஸ் தளத்தில் பஸில்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மூவ் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலாக இருக்க வேண்டும் என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். கடைசி மூவில் மேட் என்றால் மட்டும் எந்த மேட் வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் கோபப்படும் முன் எஞ்சினை (மூவைக் கணக்கிடும் கணினி நிரலை) போட்டு உங்கள் மூவுக்கு எதிராளி என்ன ஆடுவார் என்று பாருங்கள். பெரும்பாலும் நாம் பார்க்காத ஒரு தற்காப்பு அங்கே இருக்கும்.

எஞ்சின் காட்டும் விடை ஏன் சரி என்றே புரியவில்லை.

நீங்கள் எதிர்பார்த்த பதிலை எதிராளிக்காக நீங்களே ஆடுங்கள், எஞ்சின் அதை எப்படி முறியடிக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் காட்டும் முதல் வரியில் எதிராளி ஏற்கெனவே தோல்வியைத் தெரிந்துகொண்டு வினோதமாக எதையாவது கொடுத்துக்கொண்டிருப்பார், அதனால்தான் குழப்பம். இரண்டு மூன்று கிளையைத் தட்டிப் பார்த்தும் புரியவில்லையா, விட்டுவிடுங்கள், அந்தப் பஸில் இப்போது உங்களுக்கானது இல்லை.

பஸில் ரேட்டிங் 2000. ஆட்டத்தில் 1300ஐத் தாண்ட முடியவில்லை. என்ன பிரச்சினை?

முதலில், இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. பஸில் ரேட்டிங்கில் உங்கள் எதிராளி அந்தப் பஸில்தான். நீங்கள் போட்டுவிட்டால் உங்கள் ரேட்டிங் ஏறும், பஸிலுடையது இறங்கும். மனிதர்களோடு ஆடி வாங்கும் ரேட்டிங்கோடு, அதிலும் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கோடு அதை ஒப்பிடவே கூடாது. ஆட்டத்தில் கடிகாரம் ஓடும், பஸிலில் பெரும்பாலும் ஓடாது.

இரண்டாவது காரணம் பெரியது. பஸிலில் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று ஏற்கெனவே சொல்லிவிடுகிறார்கள். ஆட்டத்தில் யாரும் சொல்வதில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம், ஸ்கோர் 6.5க்கு 6.5. வெள்ளை ஆடிய டிங் லிரென் 55ஆவது மூவில் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் கிடந்தது. யானைகளை மாற்றிவிட்டு, பிஷப்பை டி5இல் வைத்தால் பிஷப்புகளும் மாறியே ஆக வேண்டும், மிஞ்சுவது கறுப்பு ஜெயிக்கும் சிப்பாய் ஆட்டம். இதைப் பஸிலாகக் கொடுத்தால் கிளப்பில் ஆடும் பலர் ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். ஆனால் பல மணிநேரம் ஆடிக் களைத்த நிலையில், உலகப் பட்டத்துக்கு ஆடும் ஒருவருக்கே அந்த ஆபத்து கண்ணில் படவில்லை. கறுப்பு ஆடிய குகேஷும் முதல் சில நொடி அதைக் கவனிக்கவில்லை, வேறு மூவ் ஆட இருந்ததாக அவரே பிறகு சொன்னார். ஆடாமல் நின்று பார்த்தார். 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

ஆகவே ஆட்டத்தில் எதிராளி ஒவ்வொரு முறை மூவ் ஆடிய பிறகும் "இது பஸிலாக வந்திருந்தால்?" என்று மூன்று நொடி கேளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் மூவை ஆடும் முன் "இதை ஆடினால் அவருக்கு நான் ஒரு பஸில் கொடுக்கிறேனா?" என்று கேளுங்கள். 1300க்குக் கீழே தோற்கும் ஆட்டங்களில் நாம் கண்டுபிடிக்காத டாக்டிக்ஸைவிட எதிராளிக்கு நாமே கொடுத்த டாக்டிக்ஸ்தான் அதிகம். லிசெஸில் தற்காப்பு மூவ் என்ற தீமும் இருக்கிறது, சமநிலைக்குக் கொண்டுவரும் பஸில்களும் இருக்கின்றன. யாரும் விரும்பிப் போடுவதில்லை, போட வேண்டியது அவற்றைத்தான்.

ஸ்டார்ம், ரஷ் மாதிரி வேகப் பஸில்கள் நல்லதா?

லிசெஸின் ஸ்டார்மில் மூன்று நிமிடத்தில் தொடங்கி, தொடர்ந்து சரியாகப் போட்டால் கூடுதல் நொடிகள், தப்பானால் நேரம் குறையும். செஸ்.காமின் ரஷ்ஷில் மூன்று தப்பு செய்தால் முடிந்தது. தெரிந்த வடிவங்களைக் கண் சட்டென்று பிடிக்க இவை உதவும், பிளிட்ஸ் எனும் வேக ஆட்டம் ஆடுபவர்களுக்கு நன்றாகவே உதவும். ஆனால் யோசிக்கும் பயிற்சியின் இடத்தில் இவற்றை வைக்காதீர்கள். முதல் சில நிமிடம் உடம்பு சூடாக்கிக்கொள்ள ஒரு சுற்று, அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஸ்கோரை முறியடிக்க வேண்டும் என்று ராத்திரி ஒரு மணி வரை தட்டிக்கொண்டிருப்பவர்களை அறிவேன், அவர்கள் கை வேகமாகியிருக்கிறது, ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது. லிசெஸில் ஸ்ட்ரீக் என்று இன்னொன்று உண்டு, நேரக் கட்டுப்பாடு இல்லை, போகப்போகக் கடினமாகும், ஒரு தப்பு செய்தால் முடிந்துவிடும். மூன்றில் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அது யூகத்தைத் தண்டிக்கிறது.

தீம் வாரியாகப் போடுவதா, கலந்து போடுவதா?

புதிதாக ஒரு வடிவத்தைக் கற்கும்போது தீம் வாரியாக. அது பழகியதும் கலந்துதான். "ஃபோர்க்" என்று தலைப்புப் போட்டுக் கொடுத்தால் கை குதிரையைத்தான் தேடும், அங்கே பாதி விடையை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

போட்ட பஸிலையே திரும்பப் போடுவதில் அர்த்தம் இருக்கிறதா? விடை ஞாபகம் வந்துவிடுமே.

ஞாபகம் வரட்டும், அதற்காகத்தான். வலுவான ஆட்டக்காரர்களின் கண் எப்படி வேலை செய்கிறது என்று டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1940களிலேயே ஆராய்ந்தார். 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் அதைத் தொடர்ந்தார்கள். நிஜ ஆட்டத்தின் ஒரு நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தால் மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாகத் திரும்ப அடுக்குவார், புதியவருக்கு நாலைந்துதான் வரும். அதே காய்களை இஷ்டத்துக்கு இறைத்து வைத்துக் காட்டினால் மாஸ்டரின் அந்தப் பெரிய சாதகம் போய்விடும். அவர் காய் காயாகப் பார்ப்பதில்லை, பழகிய கூட்டங்களாகப் பார்க்கிறார். திரும்பப் போடுவது அந்தக் கூட்டங்களைச் சேர்க்கும் வேலை.

ஸ்வீடனின் ஹான்ஸ் டிக்கனென் ஒரே பஸில் தொகுப்பை மறுபடி மறுபடி, ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த நேரத்தில் போட்டுப் பழகினார், 2010இல் சில வாரங்களுக்குள் மூன்று கிராண்ட்மாஸ்டர் நார்ம்களையும் (அந்தப் பட்டத்துக்கான தகுதிகள்) எடுத்தார். மரங்கொத்தி முறை என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. நம் அளவுக்கு இருநூறு பஸில் போதும். ஒரு எச்சரிக்கை: இரண்டாவது சுற்றிலும் முழு வரியையும் மனசுக்குள் ஓட்டுங்கள். முதல் மூவ் மட்டும் ஞாபகத்தில் இருந்து வருவது, கணக்கில் வழியே இல்லாமல் விடையை மட்டும் எழுதுவது மாதிரி. மேலே லெகால் மேட்டில் பார்த்த ஆபத்து இங்கேதான் உருவாகிறது.

எந்தத் தளத்தில் போடலாம்? பணம் கட்ட வேண்டுமா?

லிசெஸ் முழுக்க இலவசம், எத்தனை வேண்டுமானாலும் போடலாம், விளம்பரமும் இல்லை. அதன் தொகுப்பில் 40 லட்சத்துக்கும் மேல் பஸில்கள், எல்லாம் அங்கே நடந்த நிஜ ஆட்டங்களில் இருந்து எடுத்தவை, எந்த தீமில் பலவீனம் என்று காட்டும் பக்கமும் உண்டு. உங்கள் சொந்த ஆட்டங்களில் இருந்து உருவான பஸில்களைத் தேடும் வசதியை அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை, போய்ப் பாருங்கள். செஸ்.காமில் இலவசக் கணக்குக்குத் தினசரி வரம்பு இருக்கிறது, தளம் நன்றாக இருக்கும். பணம் கட்டாமலே மிக நல்ல நிலைக்கு வர முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

பத்திரிகையில் வரும் "இரண்டு மூவில் மேட்" இதே வகைதானா?

பெரும்பாலும் இல்லை. அவை ஒருவர் உட்கார்ந்து இழைத்து உருவாக்கிய புதிர்கள், ஆட்டத்தில் இருந்து எடுத்தவை இல்லை. வெள்ளை ஏற்கெனவே எளிதாக ஜெயிக்கும் நிலையில் இருக்கும், கேள்வி சரியாக இரண்டில் முடிப்பது. முதல் மூவ் செக்காக இருப்பது அபூர்வம், யாரும் எதிர்பார்க்காத அமைதியான மூவாக இருக்கும். இதற்கென்றே உலகப் போட்டி நடக்கிறது, இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் 2004, 2007, 2010 என்று மூன்று முறை அதில் உலக சாம்பியன். ஆட்டத்துக்கு நேரடியாக உதவுமா என்றால் கொஞ்சம்தான். ஆனால் எதிராளியின் எல்லாப் பதில்களையும் பார்க்கும் பொறுமைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. அழகுக்காகவும் போடலாம், அதுவும் ஒரு காரணம்தானே.

என் பிள்ளைக்கு ஏழு வயது. பஸில் போடச் சொன்னால் ஓடுகிறாள். என்ன செய்வது?

கூட உட்காருங்கள். விஸ்வநாதன் ஆனந்த் சின்ன வயதில், அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, டிவியில் மதியம் செஸ் நிகழ்ச்சி ஒன்று வரும், அதில் ஒரு புதிர் கேட்பார்கள். அவர் பள்ளியில் இருக்கும் நேரம் அது. அம்மா சுசீலா புதிரை எழுதி வைத்திருப்பார், பையன் வந்ததும் இருவரும் சேர்ந்து போட்டு விடையை அனுப்புவார்கள், பரிசு ஒரு செஸ் புத்தகம். அவர் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருக்க, கடைசியில் அவர்களே கூப்பிட்டு, எத்தனை புத்தகம் வேண்டுமோ எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்கள். ஆனந்த் பல பேட்டிகளில் சொன்ன கதை இது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு புதிர், பக்கத்தில் அம்மா, அவ்வளவுதான் ஏற்பாடு.

ஏழு வயதுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து சுலபமான பஸில் போதும். பத்தில் எட்டையாவது அவளால் போட முடிகிற அளவில் கொடுங்கள். ரேட்டிங் எண்ணை மறைத்துவிடுங்கள். "சீக்கிரம் சொல்லு" என்று மட்டும் சொல்லாதீர்கள், "அவங்க என்ன ஆடுவாங்க?" என்று கேளுங்கள்.

டாக்டிக்ஸ் மட்டும் போட்டால் போதுமா?

போதாது. ஆடவும் வேண்டும், ஆடிய ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கவும் வேண்டும், ராஜா-சிப்பாய் முடிவாட்டம் கொஞ்சமாவது தெரிய வேண்டும். ஆனால் தொடக்க நிலையில் ஓப்பனிங் வீடியோ பார்க்கும் நேரத்தில் பாதியைப் பஸிலுக்கு மாற்றினால் பலன் சீக்கிரம் தெரியும்.

போட்டி நாள் காலையில் பஸில் போடலாமா?

ஐந்தாறு சுலபமானவை, ரேட்டிங் ஏறி இறங்காத முறையில். கஷ்டமான ஒன்றில் மாட்டிக்கொண்டு மனசு நொந்து போய் போர்டில் உட்காராதீர்கள். அப்புறம் ஃபோனை அணைத்து வீட்டிலோ வெளியே யாரிடமோ கொடுத்துவிட்டு அரங்குக்குள் போங்கள்.